ஆகாயத்துக்கு எதற்கு விளக்கு?
சித்தூரில் மொட்டை மாடிக்கு ஆறு அங்குல டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போனால் தெரிவது வெள்ளை மூட்டம்தான். கல்யாண மண்டபத்து ஃபோகஸ் லைட், நகைக்கடை போர்டு, எதிர்வீட்டு வாசல் பல்பு, எல்லாம் மேலே பார்த்தே எரிகின்றன. வெளிச்சம் தெருவுக்குத்தானே வேண்டும்? பழைய மஞ்சள் சோடியம் விளக்காவது பரவாயில்லை, டெலஸ்கோப்பில் அந்த நிறத்தைத் தடுக்கும் ஃபில்டர் போட்டால் பெருமளவு அடங்கும். இந்த வெள்ளை எல்இடியில் நீலம் அதிகம், காற்றில் இன்னும் சிதறும், ஃபில்டருக்கும் மசியாது. வைகாசியில் தெற்கே ஒமேகா சென்டாரி, சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் மொய்க்கும் கொத்து, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸில் வெறும் சாம்பல் கறை! 17,000 வருஷம் பயணம் செய்து வந்த வெளிச்சத்தை ஒரு பேனர் விளக்கு விழுங்கினால் வயிறு எரியாதா? இருட்டு வேண்டுமென்றால் ஜவ்வாது மலையில் வானாய்வகம் இருக்கும் காவலூர் பக்கம் போ என்கிறார்கள். சரி, நான் போவேன். எங்கள் தெருப் பிள்ளைகள்?