கப்பல் திரும்பினால் சேலத்தில் விலை ஏறும்

குழாய் எரிவாயு சேலத்துக்கு வருவதை நான் மனதார வரவேற்கிறேன். மேக்னசைட் சூளைகளும் ஜவ்வரிசி ஆலைகளும் விறகையும் உலை எண்ணெயையும் கைவிட முடிந்தால், ஏற்காடு அடிவாரத்தில் வாழும் நமக்கெல்லாம் அது நல்லதே. ஆனால் அந்த வாயு நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்கப்படுகிறதா, அவ்வப்போதைய விலைக்குத் தனித்தனிக் கப்பலாக உடனடிச் சந்தையில் வாங்கப்படுகிறதா என்பதைப் பற்றி நம் தொழில் வட்டாரத்தில் பேச்சே எழாதது எனக்குக் கவலை தருகிறது.

இந்தியா பயன்படுத்தும் இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழப் பாதி கப்பலில் வருகிறது. மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்தால் வாயு திரவமாகி, 600-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால்தான் கத்தாரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அதைக் கடல்வழியே கொண்டுவர முடிகிறது. தொட்டியின் வெப்பக் காப்பு எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் நாள்தோறும் சிறிதளவு ஆவியாகிக்கொண்டே இருக்கும் (பல கப்பல்கள் அந்த ஆவியையே எரித்து ஓடுகின்றன). எனவே சரக்கை நெடுநாள் கடலில் நிறுத்திவைக்க எவரும் விரும்புவதில்லை. ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படாத கப்பல், கூடுதல் விலை தரும் துறைமுகத்தை நோக்கித் திரும்பிவிடும்.

2022-இல் அதுதான் நடந்தது. ரஷ்யக் குழாய் வாயு குறைந்ததும் ஐரோப்பா கிடைத்த சரக்கையெல்லாம் வாங்கியது. 2020-இல் பத்து லட்சம் பி.டி.யு.வுக்கு (வாயுவை விற்கப் பயன்படும் வெப்ப அளவு) 2 டாலர் அளவுக்குச் சரிந்திருந்த ஆசிய உடனடிச் சந்தை விலை, 2022 ஆகஸ்டில் 70 டாலரை நெருங்கியது. பாகிஸ்தான் விட்ட டெண்டருக்கு ஒருவரும் முன்வரவில்லை. வங்கதேசம் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்தி மின்வெட்டை ஏற்றுக்கொண்டது. ரஷ்ய எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமின் முன்னாள் துணை நிறுவனம் ஒன்று, இந்தியப் பொதுத்துறை எரிவாயு நிறுவனமான கெயிலுக்கு ஒப்பந்தப்படி தர வேண்டிய சரக்குகளைக்கூடத் தரவில்லை.

அப்படியிருந்தும் நான் நீண்டகால ஒப்பந்தத்தின் பக்கமே நிற்கிறேன். ஆனால் ஒரே நாட்டை நம்பி அல்ல. சந்தை விலை வீழ்ந்தபோது ஒப்பந்த விலை நமக்குச் சுமையானது உண்மை. 2015-இல் திரவ எரிவாயுவை இறக்குமதி செய்யும் பெட்ரோநெட் நிறுவனம் கத்தாருடன் பேசி அதைக் குறைக்கவும் முடிந்தது. அதே பெட்ரோநெட் ஆண்டுக்கு 75 லட்சம் டன் வாங்கும் ஒப்பந்தத்தை 2024-இல் 2048 வரை நீட்டித்தது சரியான முடிவு. மலிவு காலத்தில் சிறிது இழப்பதை, பஞ்ச காலத்தில் உலை அணையாமல் காக்கும் செலவாகவே நான் பார்க்கிறேன்.

கொச்சியில் கப்பலிலிருந்து இறங்கும் வாயுவைக் கொண்டுவரும் குழாய்க்காகத் தங்கள் வயல் தோண்டப்படுவதைச் சேலம் உட்பட ஏழு மாவட்ட விவசாயிகள் எதிர்த்தார்கள்; 2016-இல் உச்ச நீதிமன்றம் திட்டத்துக்கு வழிவிட்டது. அவர்களின் நிலத்தைக் கேட்ட திட்டத்தில், ஆலைக்காரரிடமும் சி.என்.ஜி. ஆட்டோ ஓட்டுநரிடமும் விலையை மட்டும் சொல்வது போதாது. விற்கும் வாயுவில் எத்தனை பங்கு நீண்டகால ஒப்பந்தத்தில் வருகிறது, எத்தனை பங்கு உடனடிச் சந்தையில் வாங்கப்படுகிறது என்பதை விநியோக நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டிலும் வெளியிட வேண்டும்.