பூட்டும் முன்பே படித்துவிட்டால் பூட்டு எதற்கு?

குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையைத் தடுப்பதற்காக ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2022 மே மாதம் முன்மொழிந்த சட்ட வரைவு, மறையாக்கம் செய்யப்பட்ட, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டப்பட்ட, செய்திகளையும் சோதிக்க வழிவிட்டது. இந்த வரைவைப் பற்றி நான் படித்த கட்டுரை, இதனை ஐரோப்பாவின் உள்விவகாரம் என்று கடந்துசெல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. ஆம்பூரில் நான் பணிபுரியும் காலணி ஏற்றுமதி அலுவலகத்திலிருந்து, புதிய மாதிரியின் படமும் ஜோடிக்கான விலையும் ஜெர்மனிக்கு வாட்ஸ்அப்பில்தான் போகின்றன. செய்தி மறையாக்கம் ஆவதற்கு முன்பே கைப்பேசிக்குள் அதைச் சோதிக்கும் மென்பொருள் வந்து அமர்ந்துவிட்டால், அங்குள்ளவர்களோடு பேசும் நமது அந்தரங்கமும் சேர்ந்தே போய்விடும்.

வரைவின் நோக்கம் உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை, வழிதான் தவறு. 2021இல் சான் பிரான்சிஸ்கோவில் மருத்துவருக்குக் காட்டுவதற்காகத் தன் மகனைப் படமெடுத்த ஒரு தந்தையின் கணக்கை, தானியங்கிச் சோதனை அப்படத்தைக் குழந்தைக் கொடுமைப் படமென்று தவறாகக் கருதியதால், கூகுள் முடக்கியது. அவர் குற்றமற்றவர் என்று காவல்துறை முடிவு செய்த பிறகும் அது திரும்பக் கிடைக்கவில்லை. சென்ற மாதம் பேரனின் தொடையில் கொப்புளம் கண்டபோது, நானும் வேலூரிலுள்ள மருத்துவருக்கு இப்படித்தான் படம் அனுப்பினேன்.

செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று காட்டச் சொல்லும் 2021ஆம் ஆண்டு விதிகள் நம் நாட்டில் ஏற்கெனவே உள்ள நிலையில், ஐரோப்பா இவ்வழியைத் திறந்தால் இங்கும் அதையே முன்னுதாரணமாகக் காட்டுவார்கள் என்று அஞ்சுகிறேன்.