அண்ணாந்து பார்த்தால் கரண்டு கம்பி

ஆரல்வாய்மொழிப் பக்கம் போய்வந்த ஒருவர், ரோட்டை ஒட்டி இத்தனை காற்றாலை சுற்றுகிறதே, றெக்கை பிய்த்துக்கொண்டு வந்தால் என்ன கதி என்று எங்கள் ஊர் டீக்கடையில் அங்கலாய்த்துக்கொண்டிருந்தார். நியாயமான கவலைதான். ஆனால் அவர் நின்று பேசியது எந்தக் கரண்டு கம்பத்துக்குக் கீழே தெரியுமா? ரோட்டுப் பக்கம் சாய்ந்து, காரை பெயர்ந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி பல்லைக் காட்டுகிற போஸ்ட். அதை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியில் யார் வீட்டுப் பீர்க்கங்கொடியோ ஏறிப் பூத்திருக்கிறது!

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் லாரிகள் கிளம்பினால் எனக்கு அடிவயிறு கலங்கும். பாரத்துக்கு மேலே ஒரு பையன் மூங்கில் கழியோடு உட்கார்ந்து, வழிநெடுகக் கம்பியைத் தூக்கித் தூக்கி விடுகிறான். பனியில் நனைந்த மூங்கிலில் கரண்டு ஏறும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? ஒரு பொறி தெறித்தால் போதும், லாரியோடு போச்சு.

ரோட்டைக் குறுக்கே கடக்கிற தாழ்வழுத்தக் கம்பி 5.8 மீட்டர், உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டர் உயரத்திலாவது இருக்க வேண்டும் என்பது விதி. கம்பி இழுத்த அன்று இருந்திருக்கும். அப்புறம் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ஜல்லியைக் கொட்டினால்? வாசலெல்லாம் பள்ளமாகி மழைத்தண்ணி வீட்டுக்குள் வருகிறது. கம்பி மட்டும் அதே இடத்தில்.

2022 ஏப்ரல் 27, தஞ்சாவூர் களிமேடு. அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 உயிர் போனது, பிள்ளைகள் உட்பட. ரோட்டை உயர்த்தியதுதான் அப்போதும் பேச்சாக இருந்தது. பேசினோம், அழுதோம், மறந்தோம்.

கஜா புயலுக்குப் பிறகு வெளிமாவட்டத்திலிருந்தெல்லாம் வந்து, சேற்றில் நின்று கம்பம் நட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். அவசரத்தில் ஈரமண்ணில் நட்டது சாயத்தான் செய்யும். 2018-இல் நட்டதைத் திரும்பி வந்து பார்க்க ஒரு ஆள் வேண்டாமா?

மின்வாரியத்தில் புகார் கொடுத்தால் ரோடு போட்டவரைக் கேள் என்கிறார்கள். அவரைக் கேட்டால் கம்பி எங்கள் வேலை இல்லையாம். நடந்த ஒரே காரியம், போஸ்ட்டில் புது நம்பர் எழுதிவிட்டுப் போனது. அந்த நம்பரும் சாய்ந்தே நிற்கிறது.

இப்போது மறுபடி ரோடு போட அளவெடுக்க வந்திருக்கிறார்கள். கம்பியைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, “பாத்துப் போங்க சார்” என்கிறார். நான் பார்த்துத்தான் ஐயா போகிறேன். அந்த எஸ்டிமேட்டிலேயே நாலு உயரமான கம்பத்தையும் சேர்த்துத் தொலைத்தால் என்ன கேடு?