ஐவிஐஜி கிளாட்டைக் கரைக்காது

அண்ணா, விஐடிடிக்கு (தடுப்பூசிக்கு அப்புறம் அபூர்வமா வர்ற ரத்த உறைவு நோய்) ஐவிஐஜி (தானம் கொடுத்தவங்க ரத்தத்துல இருந்து எடுக்குற ஆன்டிபாடி மருந்து) ஏத்துனாலே கிளாட் (ரத்தக்கட்டி) கரைஞ்சிடும் வேற மருந்தே வேணாம்னு உங்க பதிவுல போட்டிருக்கீங்க, அது தப்பு. 2021ல அஸ்ட்ராஜெனகா கொரோனா தடுப்பூசி போட்ட ரொம்ப சிலருக்கு வந்துச்சே அதான் இது, பிஎஃப்4ங்கிற புரதத்துக்கு எதிரா உடம்பே ஆன்டிபாடி உண்டாக்கி அது பிளேட்லெட்டை (ரத்தம் உறைய உதவுற அணுக்களை) உசுப்பிவிடுது, அதனாலதான் பிளேட்லெட் குறைஞ்சும் ரத்தம் உறையுது. ஐவிஐஜி பிளேட்லெட்ல அந்த ஆன்டிபாடி வந்து ஒட்டுற இடத்தை அடைச்சு புது கிளாட் வர்றதைத்தான் தடுக்கும். உடம்பு எடைல கிலோவுக்கு 1 கிராம் ஐவிஐஜி, தேவைப்பட்டா மறுநாளும், கூடவே ஹெப்பாரின் அல்லாத ஆன்டிகோயாகுலன்ட் (ரத்தம் உறையாம தடுக்குற மருந்து) கண்டிப்பா வேணும். பிளேட்லெட் கவுன்ட் கம்மின்னு சும்மா பிளேட்லெட் ஏத்தவும் கூடாது, பெரிய ரத்தக்கசிவு இருந்தாலோ ஆபரேஷன் பண்ணணும்னாலோதான் ஏத்தணும். தயவுசெஞ்சு பதிவை மாத்துங்க, மூளைச் சிரைல கிளாட் இருக்குறவங்க வீட்ல இதைப் படிச்சுட்டு மருந்தை நிறுத்திட்டா உயிருக்கே ஆபத்து.