அந்த நோட்டைத் திறந்தாவது பார்த்திருக்கலாம்

வியாழக்கிழமை ஒரு டாக்டர் என் தோழியின் காய்ச்சல் நோட்டைத் திறக்காமலே 'ஒன்றுமில்லை' என்று அனுப்பியது உங்களில் பலருக்குத் தெரியும். அன்று ராத்திரியே கோபத்தில் நாலு வரி எழுதிப் போட்டேன். மூன்று நாள் ஆகியும் மனசு ஆறவில்லை, அதனால் இன்று முழுசாக எழுதுகிறேன். ஆஸ்பத்திரி எது, டாக்டர் யார் என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம். சொல்ல மாட்டேன். ஒருவரை மாட்டிவிடுவதற்காக இதை எழுதவில்லை.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். என் தோழிக்குத் தீபாவளிக்கு முந்தின வாரம் காய்ச்சல் தொடங்கியது. இது சித்திரை. இன்னும் விடவில்லை. சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கு ஏறும். விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி இறங்கும். இடுப்பு எலும்பில் குடைச்சல், எதைச் செய்தாலும் அசதி. 43 வயது. மூன்று கறவை மாடு வைத்து, ரெண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவள். ஆறு மாதத்தில் கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பாலக்காடு, தமிழ்நாட்டுப் பக்கம் பொள்ளாச்சி, கோயம்புத்தூர் எல்லாம் போய்வந்தாகிவிட்டது. 70,000 ரூபாய்க்கு மேல் செலவு. கையில் இருப்பது ஒரு பை நிறைய ரிப்போர்ட், அதற்கு மேல் ஒரே ஒரு சொல்: 'ஒன்றுமில்லை'.

வியாழக்கிழமை நாங்கள் கொண்டுபோனது ஒரு நோட்டு. எங்கள் சொசைட்டியின் பழைய பால் பாஸ்புக். பின்பக்கம் காலியாக இருந்ததால் அதில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். தேதி, காலை, சாயங்காலம், ராத்திரி. 52 நாளாக அவள் ஒரு வேளை விடாமல் தெர்மாமீட்டர் வைத்து எழுதியிருக்கிறாள். காலையில் 97.8, 98.2. சாயங்காலம் 100.6, 101.2, ஒரு நாள் 102. சில பக்கங்களில் வேர்வை ஈரத்தில் மை பரவியிருக்கும். காய்ச்சல் ஏறும்போது எழுதிய எண்கள் கோணலாகவும், காலையில் எழுதியவை நேராகவும் இருக்கும். எழுத்தைப் பார்த்தே எந்த வேளை என்று சொல்லிவிடலாம்.

டாக்டர் அந்த நோட்டைத் திறக்கவே இல்லை. ரெண்டு விரலால் மேஜைமேல் அப்படியே திருப்பித் தள்ளினார். "ரிப்போர்ட் எல்லாம் நார்மல். உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா. எல்லாம் மனசுதான். அடுத்த ஆள்." அவ்வளவுதான் நடந்தது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். 'தெரியவில்லை' என்பது வேறு, 'ஒன்றுமில்லை' என்பது வேறு. முதலாவதைச் சொன்னால் நாங்கள் தாங்கிக்கொள்வோம். ரெண்டாவதைச் சொன்னால் அவள் பொய் சொல்கிறாள் என்று ஆகிவிடுகிறது.

காய்ச்சல் வருவது சாயங்காலம். ஓ.பி. நடப்பது காலையில். நாங்கள் ஐந்து மணிக்கு எழுந்து, முதல் பஸ் பிடித்து, டோக்கன் வாங்கி, பத்து மணிக்கு உள்ளே போனால் நர்ஸ் காய்ச்சல் பார்ப்பார். 98. சீட்டில் 98 என்று எழுதுவார். ஆறு மாதத்தில் இருக்கிற எல்லாச் சீட்டிலும் 98 தான். "உள்காய்ச்சல்" என்று அவள் சொன்னால், "உள்காய்ச்சல்னு ஒண்ணு கிடையாதும்மா" என்பார்கள். சரி, சொல் தப்பாகவே இருக்கட்டும். தெர்மாமீட்டரில் ஏறுகிற பாதரசம் தப்பா?

முதல் வாரமே 'வைடல்' டெஸ்ட் எடுத்து டைபாய்டு என்றார்கள். ஊசி, டிரிப்ஸ், மாத்திரை. அடுத்த மாதம் இன்னொரு இடத்தில் மறுபடியும் அதே டெஸ்ட், அதே டைபாய்டு. வைடல் 1896ல் வந்த சோதனை. எப்போதோ வந்துபோன டைபாய்டுக்கும், போட்டுக்கொண்ட தடுப்பூசிக்கும்கூட அதில் பாசிட்டிவ் காட்டலாம், ஒரு தடவை எடுத்துப் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பது டாக்டர்களுக்கே நன்றாகத் தெரியும். அப்புறம் வைரல் என்றார்கள். அப்புறம் மாதவிலக்கு நிற்கிற வயசு என்றார்கள். எல்லாம் தீர்ந்த பிறகு மனசு.

நான் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவள், டாக்டர் இல்லை. ஆனால் என்னிடமும் ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது. அதில் புரட்டாசி மாதம் அவள் பேருக்கு நேராகக் காலையில் 18 லிட்டர் என்று இருக்கிறது. மார்கழியில் 11. இந்த வாரம் 4. தீவனமும் வைக்க முடியாமல், கறக்கவும் முடியாமல் ரெண்டு மாட்டை விற்றுவிட்டாள். முன்பெல்லாம் ரெண்டு கையிலும் கேனைத் தூக்கிக்கொண்டு பேசிக்கொண்டே வருவாள். இப்போது அவள் மகன் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறான். அவள் பின்னால் வந்து திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாள். ரெண்டு மாட்டு வருமானத்தை விட்டுக்கொடுத்து நடிக்கிற பொம்பளை உலகத்தில் எங்கே இருக்கிறாள்?

இதைச் சொல்லும்போது என் கதையும் ஞாபகம் வருகிறது. ரெண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஒரு வருஷம் எனக்கு எந்நேரமும் அசதி. நாலு படி ஏறினால் கண் இருட்டும். வீட்டில் 'சோம்பேறி' என்றே பேர் வைத்துவிட்டார்கள். நானும் அதை நம்பிவிட்டேன். ஒரு நாள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ரத்ததான முகாம். தோழிகளோடு நானும் போனேன். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, நீலக் கலர் தண்ணீரில் விட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவளின் சொட்டு கல் மாதிரி அடியில் போய் நின்றது. என்னுடையது மேலேயே மிதந்தது. ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 வேண்டும், எனக்கு 7 கூட இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்தச் சொட்டு மிதந்ததைப் பார்த்து நான் அங்கேயே அழுதேன். பயத்தில் இல்லை. ஒரு வருஷமாக நான் சொன்னது பொய் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டதே என்று அழுதேன். அதனால்தான் அவள் நோட்டைத் தள்ளிவிட்டபோது எனக்கு அப்படிச் சுட்டது.

இப்போது சிலர் சொல்லப்போவது தெரியும். 'டாக்டர்களுக்கு ஒரு நாளைக்கு நூறு பேர், அவர்கள் பாவம்.' ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நோட்டைப் பிரித்துப் பார்க்க அரை நிமிஷம் போதும். எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். அங்கேயும் கூட்டம்தான். அவருக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். அவர்தான் சொன்னார்: "எனக்கு என்னன்னு தெரியலை சேச்சி. ஆனா காய்ச்சல் இருக்கு. தெர்மாமீட்டர் வாங்கி தினம் எழுதுங்க. பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க." அந்த 'எனக்குத் தெரியலை'யைக் கேட்டுவிட்டு வெளியே வந்தபோது, மாசக்கணக்கில் நான் பார்க்காத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது. "தெரியலைன்னுதானடி சொன்னாங்க, இல்லைன்னு சொல்லலையே" என்றாள்.

காரணம் தெரியாத காய்ச்சலுக்கு வைத்திய சாஸ்திரத்திலேயே ஒரு தனிப் பேர் உண்டு. 1961ல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற ரெண்டு அமெரிக்க டாக்டர்கள் இப்படிப்பட்ட 100 நோயாளிகளைப் பற்றி எழுதி அதற்கு ஒரு வரையறையே கொடுத்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல், பல தடவை 101 டிகிரிக்கு மேல் ஏறி, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை என்றால் அது அந்த வகை. அவ்வளவு பெரிய டாக்டர்களே 'காரணம் தெரியவில்லை' என்று எழுத வெட்கப்படவில்லை.

அடுத்தது, 'மனநல டாக்டரைப் பார்ப்பதில் என்ன கேவலம்?' இதற்குத்தான் நான் அதிகம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கேவலமும் இல்லை. என் சொந்தத்திலேயே அந்த மருந்து சாப்பிட்டு நன்றாக இருக்கிறவர்கள் உண்டு. ஆறு மாதம் காய்ச்சலோடு கிடந்து, மாட்டை விற்று, வட்டிக்கு வாங்கினால் யாருக்குத்தான் மனசு நோகாது? அவளுக்கும் தூக்கம் இல்லை, அழுகை வருகிறது. அதற்கு வைத்தியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனசுதான் காரணம் என்று ஒரு டாக்டர் உட்கார வைத்துப் பத்துக் கேள்வி கேட்டு, பரிசோதித்துச் சொல்லியிருந்தால் நானே கூட்டிக்கொண்டு போயிருப்பேன். இங்கே யாரும் அப்படிச் சொல்லவில்லை. எழுந்து போ என்பதற்குப் பதிலாகத்தான் அந்த வார்த்தையைச் சொன்னார்கள். அவளை அனுப்பிய விதம் மனநோயாளிகளுக்கும் அவமானம்தான்.

ஆம்பளை ஒருவன் ஆறு மாதம் சாயங்காலமானால் காய்ச்சலோடு படுத்தால், 'எல்லாம் மனசுதான்' என்று அனுப்புவார்களா? எனக்குத் தெரிந்து அனுப்புவதில்லை. அவள் வீட்டுக்காரருக்கு இருமல் பத்து நாள் நிற்கவில்லை என்றதும் சளி, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். எடுக்கட்டும், நல்லதுதான். இவளுக்கும் அதே அக்கறை வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

'செய்வினை, அந்தக் கோயிலுக்குப் போ' என்கிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. வேலந்தாவளத்தில் மந்திரித்துக் கயிறும் கட்டியாகிவிட்டது. அந்தப் பெரியவர்கூட அவள் கையைப் பிடித்து, "உடம்பு சுடுதே கண்ணு" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

கடைசியாக, 'கூகுள் பார்த்துவிட்டு டாக்டருக்கே பாடம் நடத்துகிறாயா?' இதைத்தான் வியாழக்கிழமையும் கேட்டார்கள். நாங்கள் கூகுள் பார்க்கவில்லை. மாட்டு டாக்டர் சொல்லித்தான் போனோம்.

போன மாதம் கிடாரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி போட அவர் எங்கள் சொசைட்டிப் பக்கம் வந்தார். 2019 முதல் நாடு முழுக்க நடக்கிற திட்டம் அது, நாலு முதல் எட்டு மாதக் கிடாரிகளுக்குப் போடுவது. திண்ணையில் சுருண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து என்ன ஏது என்று விசாரித்தார். அப்புறம் ஆறு மாதத்தில் எந்த மனுஷ டாக்டரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: "சேச்சி, உங்க மாடு எதுவும் கன்று வீசுச்சா?"

வீசியது, அதாவது குறை மாதத்திலேயே கன்று விழுந்துவிட்டது. ஓணத்துக்கு முந்தின வாரம், ஏழு மாதச் சினையில். நஞ்சுக்கொடி விழவில்லை. ராத்திரி நேரம், மழை, யாரையும் கூப்பிட முடியவில்லை என்று அவளே கையை விட்டு எடுத்திருக்கிறாள். வெறுங்கை. கையுறை இல்லை. விரலில் அரிவாள் கீறிய காயம் வேறு.

கன்று வீச்சு நோய், அதாவது புருசெல்லோசிஸ், மாட்டிலிருந்து மனுஷருக்கு வரும் என்று அவர்தான் விளக்கினார். காய்ச்சாத பால் வழியாக மட்டும் என்று நினைக்கக்கூடாது, கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொட்டாலே போதும். சில வாரம் கழித்து, சில சமயம் மாதங்கள் கழித்துத் தெரியும். ஏறி இறங்குகிற காய்ச்சல், ராத்திரி வேர்வை, இடுப்பு மூட்டு வலி, அசதி. நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் என் முகத்தைப் பார்த்தாள். டைபாய்டுக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு வார மாத்திரை இதற்குப் போதாது, ரெண்டு மருந்து சேர்த்து ஆறு வாரமாவது கொடுக்க வேண்டியிருக்கும், ஆனால் முதலில் டெஸ்ட் எடுக்கட்டும் என்றார். சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கே தொற்றிவிடக்கூடிய கிருமி, அதனால் இந்தச் சந்தேகம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார்.

இதைத்தான் வியாழக்கிழமை நோட்டோடு சேர்த்துச் சொல்லப் போனோம். பாதியிலேயே "நீங்க டாக்டரா?" என்று கேட்டுவிட்டார்கள். 'எல்லா டெஸ்டும் நார்மல்' என்றால் எடுத்த டெஸ்ட் எல்லாம் நார்மல் என்றுதானே அர்த்தம்? எடுக்காத டெஸ்ட் எப்படி நார்மல் ஆகும்?

இந்த நோயை மால்டா தீவில் கண்டுபிடித்த கதையைப் படித்தேன். பட்டாளத்துக்காரர்கள் மாதக்கணக்கில் காய்ச்சலில் கிடந்தார்கள். டேவிட் புரூஸ் என்ற பட்டாள டாக்டர் 1887ல் கிருமியைப் பிடித்துவிட்டார். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய 1905 ஆகிவிட்டது. ஊர் ஆடுகளின் பாலில் இருந்தது. அந்த ஆடுகளைப் பார்த்தால் நோய் இருப்பதாகவே தெரியாது. ஆட்டுப் பாலை நிறுத்திய பிறகு பட்டாளத்தில் காய்ச்சல் குறைந்தது. 18 வருஷம் அவர்களுக்கே விடை தெரியவில்லை. ஆனால் தேடுவதை விடவில்லை.

இவளுக்கு இந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. இல்லாமலும் இருக்கலாம். வேறு கிருமியோ, மூட்டு சம்பந்தப்பட்டதோ, யார் கண்டது. டெஸ்டில் இல்லை என்று வந்தாலும் நான் சொல்வது மாறாது. அப்போதும் அவளுக்குக் காய்ச்சல் இருக்கும். அப்போதும் 'தெரியவில்லை' வேறு, 'ஒன்றுமில்லை' வேறுதான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி போன் செய்தாள். "ஏண்டி, எனக்கு ஒண்ணுமே இல்லைன்னா, இந்தக் கையில ஏன்டி ஒரு செம்புத் தண்ணி நிக்க மாட்டேங்குது? நெசமாவே நான் நடிக்கிறேனா?" என்று என்னிடம் கேட்டாள். முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்தவள், அவள் உடம்பைப் பற்றி என்னிடம் கேட்கிறாள். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

நேற்று சனிக்கிழமை வேறொரு இடத்தில் ரத்தம் கொடுத்துவிட்டோம். மாட்டு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் சேர்த்துக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வடகரப்பதி, எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை, நல்லேப்பிள்ளி, இந்தப் பக்கம் கோபாலபுரம், பொள்ளாச்சி வரை மாடு வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால், மாடு கன்று வீசினால் வெறுங்கையால் தொடாதீர்கள், மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டிலும் யாருக்காவது மாதக்கணக்கில் சாயங்காலக் காய்ச்சல் இருந்தால், இருந்து குணமாகியிருந்தால், எங்கே காட்டினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அந்த நோட்டைத் திறந்து பார்க்கக்கூடிய டாக்டர் யாராவது தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

நம் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்கு: புதன்கிழமை ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள். ஆறேகால் பஸ்ஸுக்கு நான் அவளோடு போகிறேன்.