ஜெபத்தில் குத்திக்காட்டாதீர்கள்

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும்." பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சத்தமாக இப்படி ஜெபிக்கிற பெற்றோர் நிறையப் பேர். அந்தப் பிள்ளையின் காதில் அது ஜெபமாக விழுவதில்லை, எதிர்த்துப் பேச முடியாத திட்டாகவே விழுகிறது. கணவன் மனைவிக்குள்ளும் இதே கதைதான். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்கியதைத் தேவனிடம் சொல்கிற சாக்கில் சொல்லிவிடுகிறோம். விசுவாசக் குடும்பங்களில் மனசு விட்டுப் போவதற்கு இது முக்கியமான காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இயேசு காட்டிய வழி மத்தேயு 18:15-இல் இருக்கிறது. குற்றம் செய்தவனிடத்தில் போய், "நீயும் அவனும் தனித்திருக்கையில்" உணர்த்து. அவன் கேட்காவிட்டால்தான் ஒன்றிரண்டு பேர், அதற்கும் பிறகுதான் சபை. நாமோ முதலில் வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பு போடுகிறோம், சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில்தான் தெரியவருகிறது. ஒருவருடைய விஷயத்தை ஜெபக்குறிப்பாக்கும் முன் அவரிடம் கேளுங்கள். கேட்க முடியாத விஷயம் என்றால் அது புறங்கூறுதல்.

தனியாகப் பேசும்போது ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் எடுங்கள். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் தன் முழு வாழ்க்கைக்கும் வாதாட ஆரம்பித்துவிடுவார். எபேசியர் 4:26-ஐ வைத்துக்கொண்டு, சண்டை முழுவதும் அன்றிரவே தீர்ந்தாக வேண்டும் என்று நடுராத்திரி வரை இழுப்பவர்களும் உண்டு. சூரியன் அஸ்தமிக்குமுன் தணிய வேண்டியது எரிச்சல் என்றுதான் வசனம் சொல்கிறது. "நாளை சாயங்காலம் பேசுவோம்" என்று நேரம் குறித்துவிட்டுப் படுக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் கட்டாயம் பேச வேண்டும்.

மன்னிப்புக் கேட்பவர் செய்ததைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "ஏதாவது தப்பா பேசியிருந்தா" என்பது மன்னிப்புக் கேட்பதே இல்லை. அடுத்த வாக்கியம் "ஆனால்" என்று ஆரம்பித்தால் முந்தையது செல்லாது. உடனே மன்னிக்கச் சொல்லி வசனத்தைக் காட்டி நெருக்காதீர்கள், அவருக்கு அவகாசம் வேண்டும். அடி உதை இருக்கிற வீட்டில் தனியாகப் போய்ப் பேசச் சொல்வது ஆபத்து. அங்கே முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும், உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்ல வேண்டும். மன்னிப்பதும் திரும்பி அதே வீட்டுக்குப் போவதும் வேறு வேறு.

குடும்ப ஜெபத்துக்குப் பதினைந்து நிமிடம் போதும். மாற்கு சுவிசேஷத்தில் பத்துப் பன்னிரண்டு வசனம் வாசித்து, பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். பிறகு ஆளுக்கு ஒரு விண்ணப்பம், அதுவும் தனக்காக மட்டும். பெற்றோர் முதலில் சொல்ல வேண்டும்: "இன்னைக்குக் கோபத்துல கத்திட்டேன், எனக்குப் பொறுமை வேணும்னு ஜெபிங்க." இதைக் கேட்டு வளரும் பிள்ளைக்குத் தன் தவறை மறைக்கும் தேவை குறையும். மறுநாள் "அந்தப் பரீட்சை எப்படிப் போச்சு?" என்று கேட்க மறந்தால் ஜெபம் சடங்காகிவிடும். நெருக்கம் வளர்வது இந்த விசாரிப்பில்தான்.

நண்பர்களுக்குள் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-இல் சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதியபோது, குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொல்லும் யாக்கோபு 5:16-ஐ அடிப்படையாக வைத்தார். வாரம் ஒருமுறையாவது கூடுவது, சொன்ன நேரத்துக்கு வருவது, அவரவர் தன் ஆத்தும நிலையை மறைக்காமல் சொல்வது. மூன்று நான்கு நண்பர்கள் இருந்தாலே இதைச் செய்யலாம். அங்கே பேசியது வெளியே போகக் கூடாது. ஒருமுறை கசிந்தாலும் அதன்பின் எல்லோரும் நல்ல செய்தி மட்டுமே சொல்வார்கள்.

துக்கத்தில் இருக்கிற நண்பரிடம் வசனத்தோடு ஓடாதீர்கள். வேதாகமத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். காரணம் விளக்க வாய் திறந்த பிறகுதான் வழிதவறினார்கள். "தேவ சித்தம்" என்பதை அவர் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். மருத்துவமனைக்கு யார் கூடப் போவது, பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேளுங்கள். எல்லோரும் வந்துபோன ஒரு மாதம் கழித்து மறுபடியும் போங்கள்.