மென்பொருள் மட்டும் போதாது

ஊழியர்களின் அனுபவத்தைத் திரட்ட நல்ல மென்பொருள் இருந்தால் போதும் என்று உங்கள் கட்டுரைத் தொடரில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வாய் திறந்தால் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறவர் அதில் எதைப் பதிவு செய்வார்?

1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனை நெருங்கிய டிடபிள்யூஏ என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம் வர்ஜீனியாவில் மலைமீது மோதி, அதிலிருந்த 92 பேரும் மாண்டார்கள். ஆறு வாரங்களுக்கு முன்புதான் யுனைடெட் என்ற வேறொரு நிறுவனத்தின் விமானம் ஒன்று, தரையிறங்கும் அனுமதியை அதேபோலத் தவறாகப் புரிந்துகொண்டு, அதே இடத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. அந்த எச்சரிக்கை டிடபிள்யூஏ விமானிகளுக்கு எட்டவில்லை. நெஞ்சு பதைக்கிறது.

அதன் பிறகு, 1976இல், தவறுகளையும் ஆபத்துகளையும் பற்றி விமானிகள் ரகசியமாகத் தகவல் தரும் ஏற்பாடு அமெரிக்காவில் வந்தது. அதை நடத்துவது தண்டிக்கும் அதிகாரம் உள்ள அரசு விமானத் துறை அல்ல, விண்வெளி அமைப்பான நாசா. என் பார்வையில் அதன் உயிர்நாடியே இதுதான். படிவத்தில் பெயர் உள்ள துண்டைப் பிரித்து எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பெயர் நீக்கிய விவரங்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அறியாமல் செய்த விதிமீறலைப் பத்து நாளுக்குள் தெரிவித்தவருக்குப் பெரும்பாலும் அபராதமும் இல்லை.

தகவல் சொல்பவருக்கு நிறுவனங்கள் என்ன பாதுகாப்பு தருகின்றன என்பதைக் கட்டுரையாளர் அடுத்த பகுதியிலாவது விரிவாக எழுத வேண்டும்.